கையைப் பார்க்கும் பிள்ளை

மாலை ஆறரை மணி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அம்மா. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்குகிறார். அவ்வளவுதான். பிள்ளையின் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடுகின்றன. கண் இறுக மூடிக்கொள்கிறது. பென்சில் முனை நோட்டில் அழுந்தி உடைகிறது. அந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவே இல்லை. ஆனால் அந்த உடம்புக்கு அது தெரியாது. தூக்கிய கைக்கு அடுத்து என்ன வரும் என்பதை அது படித்து வைத்திருக்கிறது. ஏழாம் வாய்ப்பாடு ஏறாத அதே தலையில் இந்தப் பாடம் மட்டும் ஆழமாக ஏறியிருக்கிறது.

அடி வாங்கிப் பழகிய பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் தழும்பையும் வீக்கத்தையும் தேடுவதற்கு முன் இந்தத் திடுக்கிடலைத்தான் கவனிப்பார்கள். அடி பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பது முழுக்க இதற்குள் இருக்கிறது. செய்த தப்பின் மேல் இருக்க வேண்டிய கவனத்தை அது பிடுங்கி, அடிக்கிற கையின் மேல் வைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எதைக் கற்றாலும் கையைப் பற்றித்தான் கற்கிறது. கை எப்போது வரும், யாருடைய கை, எப்படித் தப்பிப்பது, எதைச் சொன்னால் இறங்கும்.

ஆபத்து வருகிறது என்று மூளைக்குத் தோன்றிய உடனே அட்ரினலினும் கார்டிசோலும் சுரக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, ரத்தம் கை கால் தசைகளுக்கு ஓடுகிறது. யோசிக்க, கூட்டிக் கழிக்க, ஒன்றை மனதில் நிறுத்தி வைக்க உதவும் முன்மூளை அந்த நேரத்தில் ஒதுங்கிவிடும். ஒரு நிமிடத்துக்கு முன்னால் சரியாகச் சொன்ன விடைகூட வாயில் வராது. ‘இப்பத்தானே சொன்னே, அதுக்குள்ள எப்படிடா மறக்கும், திமிரா?’ என்று இரண்டாவது அடி விழுவது இந்த இடத்தில்தான். அங்கே திமிர் எதுவும் இல்லை. பயந்த மூளையில் அந்தக் கதவு அடைபட்டிருக்கிறது. வீட்டுப்பாட நேரத்தில் ஒரு அடி விழுந்துவிட்டால் நோட்டை மூடி வைத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது போகாமல் அந்தத் தலையில் புதிதாக எதுவும் ஏறாது. தண்ணீர் கொடுங்கள், வாசலில் கொஞ்சம் நடக்க விடுங்கள். ‘முடிக்காம எழுந்திரிக்கக் கூடாது’ என்று பிடித்து உட்கார வைத்தால் அன்று எழுதியதும் வீண்தான். நோட்டைப் பார்த்தாலே வயிறு பிசைகிற பழக்கமும் சேர்ந்து வரும்.

அடி வேலை செய்வதுபோலத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. பிள்ளை கத்துகிறது, ஒன்று வைக்கிறோம், இரண்டு விநாடியில் அமைதி. அந்த அமைதி அடித்தவருக்குக் கிடைக்கும் கூலி. அடுத்த முறை கை இன்னும் சீக்கிரம் எழும். பிள்ளைக்கோ வலி பழகிப்போகும். போன வருடம் முதுகில் ஒரு தட்டு போதுமாக இருந்தது. இந்த வருடம் ஸ்கேல் வேண்டியிருக்கிறது. பிறகு கரண்டிக் காம்பு, துடைப்பக்கட்டை, பெல்ட், சார்ஜர் ஒயர். யாரும் ஒயரில் தொடங்குவதில்லை. மருத்துவமனை வரை வந்து சேரும் காயங்களில் பெரும்பாலானவை ‘சும்மா ஒரு தட்டு தட்டினேன்’ என்ற இடத்திலிருந்து ஏறி வந்தவைதான்.

‘அளவோடு அடித்தால் என்ன?’ என்று கேட்பவர்கள் அதிகம். அந்த அளவைத்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் இருவரும் 2016இல் எடுத்து ஆராய்ந்தார்கள். 75 ஆய்வுகள், ஏறத்தாழ 1,60,000 பிள்ளைகள். கம்பு, பெல்ட் எல்லாம் அதில் கணக்கில்லை. வெறும் கையால் பின்பக்கத்திலோ கை காலிலோ தட்டுவது மட்டும். 17 விளைவுகளைப் பார்த்ததில் 13 தெளிவாகத் தீமையின் பக்கம் நின்றன. முரட்டுத்தனம், மனநலச் சிக்கல், பெற்றோரோடு பிணக்கு, வளர்ந்த பிறகு பிள்ளைகளை அடிப்பது சரிதான் என்று நினைப்பது எல்லாம் அவற்றில் அடக்கம். நன்மையின் பக்கம் ஒன்றுகூட நிற்கவில்லை.

‘நாங்க எல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், கெட்டா போயிட்டோம்?’ என்ற கேள்வி கூடவே வரும். கேட்பவர் உண்மையாகத்தான் கேட்கிறார். அவர் நன்றாக வந்ததற்கு வேறு காரணங்கள் இருந்திருக்கும். அடித்த அன்று ராத்திரி சோறு பிசைந்து ஊட்டிய பாட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு வாத்தியார், கூடப் படித்த ஒரு நல்ல நண்பன். அந்தப் பெருமையெல்லாம் பிரம்பின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அடிக்குப் பயந்து ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் இந்தப் பேச்சுக்கு வந்து உட்காருவதில்லை. ‘முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்’ என்பார்கள். முருங்கை ஒடித்த இடத்தில் கிளைக்கும், அது மரத்தின் குணம். பிள்ளையின் உடம்பில் ஒடித்த இடத்தில் அப்படி எதுவும் துளிர்ப்பதில்லை.

உடம்பில் என்ன நடக்கிறது

நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் வழக்கமாக விழும் அடிகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிப்பவர் பலருக்கு அதன் விளைவு உண்மையிலேயே தெரியாது.

கன்னத்தில் அறைவதுதான் எல்லாவற்றிலும் சாதாரணமானது என்று நினைக்கிறார்கள். உள்ளங்கை காதை மூடியபடி விழுந்தால் காதுத் துளைக்குள் இருக்கும் காற்று ஒரே அழுத்தாக உள்ளே போய்ச் செவிப்பறையைக் கிழித்துவிடும். அடிப்பவர் வலக்கைக்காரர் என்றால் எதிரே நிற்கும் பிள்ளையின் இடது காதில்தான் பெரும்பாலும் இது நடக்கும். சுருக்கென்ற வலி, ‘ங்ங்’ என்ற இரைச்சல், லேசாக ரத்தமோ நீரோ கசிவது, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது இதன் அடையாளங்கள். சிறிய கிழிசல் பல வாரங்களில் தானாகவே ஆறும், ஆனால் காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வெளிக்காதில் வைத்து அடைக்க வேண்டும். இங்கே நடக்கும் பெரிய தவறு, காது வலிக்கிறது என்று சுட வைத்த எண்ணெய் விடுவது. கிழிந்த பறை வழியாக அது நடுக்காதுக்குள் போய்ச் சீழ் பிடிக்கும். கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தும் வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

‘வாடா’ என்று கையைப் பிடித்துச் சுண்டி இழுப்பதை யாரும் அடியாகவே எண்ணுவதில்லை. 1 முதல் 4 வயதுப் பிள்ளையின் முழங்கையில் ஆரை எலும்பின் தலையை ஒரு மெல்லிய நார் வளையம்தான் பிடித்து வைத்திருக்கிறது. நீட்டிய கையைச் சுண்டினால் அந்த வளையம் நழுவி மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். வீக்கம் இருக்காது. பிள்ளை கையை லேசாக மடக்கி வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ளும், பொம்மையை நீட்டினாலும் அந்தக் கையால் வாங்காது. தெரிந்த மருத்துவர் சில விநாடிகளில் சரிசெய்துவிடுவார், பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிள்ளை விளையாடப் போய்விடும். எண்ணெய் போட்டு நீவினாலோ, எலும்பு முறிவு என்று இறுக்கிக் கட்டினாலோ நாள்தான் வீணாகும், வலியும் கூடும். வீங்கியிருந்தால் மட்டும் அது முறிவாக இருக்கலாம், எக்ஸ்ரே தேவை. ஒரு தடவை நழுவிய கை திரும்பவும் எளிதில் நழுவும் என்பதால் அந்தப் பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத்தான் தூக்க வேண்டும்.

கைக்குழந்தையை உலுக்குவதைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிறந்த இரண்டாவது மாதத்தில்தான் குழந்தையின் அழுகை உச்சத்தில் இருக்கும். பால் கொடுத்து, துணி மாற்றி, தோளில் போட்டும் நிற்காது. தூக்கமில்லாத ராத்திரியில் ஒருவர் பொறுமை இழந்து தோளைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கிவிட்டால், கனத்த தலையை அந்த மெல்லிய கழுத்தால் தாங்க முடியாது. மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் நூல்போன்ற ரத்தக்குழாய்கள் அறுந்து உள்ளே ரத்தம் கசியும், கண்ணின் விழித்திரையிலும் கசியும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. பால் குடிக்காமை, வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், வெட்டு வலிப்பு, இவை வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் போங்கள். உலுக்கினதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், சிகிச்சையே அதைப் பொறுத்துத்தான். இனி அந்த நிலை வந்தால் குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, அறையை விட்டுப் பத்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். அழுது குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

தோப்புக்கரணம் பிள்ளையாருக்குப் போடுவது வேறு. நூறு, இருநூறு என்று எண்ணிக்கை சொல்லித் தண்டனையாகப் போட வைப்பது தொடைத் தசையைச் சிதைக்கும். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். அன்றே தெரியாது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தொடை கல்போல் இறுகி, படி ஏற முடியாமல் போய், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் வரும். அந்த நிறத்தைப் பார்த்தவுடன் மருத்துவமனைக்குப் போய், எத்தனை தோப்புக்கரணம், எந்த நாள் என்று சொன்னால் ரத்தத்தில் தசைச் சிதைவைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் அளவைப் பார்த்து உடனே சலைன் ஏற்றுவார்கள். ‘உஷ்ணம்தான்’ என்று இளநீர் கொடுத்துக் காத்திருந்தால் சிறுநீரகம் போய்விடக்கூடும்.

ஸ்கேலின் விளிம்பால் விரல் மொளியில் அடிப்பது இன்னொன்று. விரலின் புறப்பக்கம் தோலுக்கு அடியில் சதை கிடையாது, நேராகத் தசைநாண்தான். விரல் நுனி தொங்கிப்போய் தானாக நிமிரவில்லை என்றால் நாண் அறுந்திருக்கிறது என்று பொருள். உடனே கட்டுப் போட்டால் நேராகும், விட்டால் அப்படியே நின்றுவிடும். தலையில் குட்டுவதும் சுவரில் மோதுவதும் நடந்திருந்தால் ஒரு நாள் முழுக்கக் கண்காணியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, தூங்கித் தூங்கி விழுவது, இரண்டு கண்மணியும் வேறுவேறு அளவு, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர சிகிச்சைதான்.

சூடு போடுவது இன்னும் நின்றுவிடவில்லை. கரண்டியைக் காய்ச்சித் தொடையில் வைப்பது, அதுவும் படுக்கையில் சிறுநீர் கழித்ததற்காக. 5 வயதில் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 15 பேர் தூக்கத்தில் நனைக்கிறவர்கள். அது பிள்ளையின் கையில் இல்லாத விஷயம். பல பேருக்கு மலச்சிக்கலும் ஒரு காரணம். சூடு பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் ஓட விடுங்கள். மஞ்சள், இங்க், பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். மிளகாய் வற்றலைத் தீயில் போட்டு முகத்துக்கு நேராகப் பிடிப்பது மூச்சுக்குழாயை வீங்க வைக்கும், இழுப்பு உள்ள பிள்ளைக்கு அது உயிரையே எடுத்துவிடும்.

காயத்தை எப்படிப் படிப்பது என்பதையும் ஆசிரியர்களும் உறவினர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடி விளையாடும் பிள்ளைக்கு முழங்கால், கணுக்கால் எலும்பு, நெற்றி ஆகிய இடங்களில் கன்றியிருப்பது சகஜம். 4 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் வயிறு, முதுகு, காது, கழுத்து, கன்னத்தின் சதைப்பகுதி, தாடையின் மூலை, கண் இமை, மேலுதட்டின் உட்புற நார் ஆகிய இடங்களில் கன்றியிருந்தால் விழுந்ததால் வந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 4 மாதம் ஆகாத குழந்தைக்கு எங்கே கன்றியிருந்தாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும், புரளக்கூடத் தெரியாத வயது அது. பிரம்படி பட்ட இடத்தில் இரண்டு சிவந்த கோடுகள் இணையாக ஓடும், நடுவில் வெளிறியிருக்கும், ரயில் தண்டவாளம்போல. கம்பு விழுந்த இடத்தில் ரத்தம் இருபக்கமும் தள்ளப்பட்டு ஓரக் குழாய்கள் உடைவதால் வரும் அடையாளம் இது. கீழே விழுந்தால் இப்படி வராது. கன்றிய நிறத்தை வைத்து ‘இது நாலு நாள் பழசு’ என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.

பொய் எங்கிருந்து வருகிறது

உளவியல் ஆய்வாளர்கள் விக்டோரியா டால்வார், காங் லீ இருவரும் மேற்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றில் இரண்டு பள்ளிகளின் 3, 4 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. ஒரு பள்ளியில் கம்பால் அடிப்பார்கள், கிள்ளுவார்கள். இன்னொன்றில் கண்டிப்பு உண்டு, அடி இல்லை. பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போனார். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் பெரும்பாலும் பார்த்துவிட்டார்கள். அடி அவர்களின் கையைக் கட்டவில்லை. ஆனால் ‘பார்த்தாயா’ என்று கேட்டபோது அடிக்கும் பள்ளியின் பிள்ளைகள் அதிகமாகப் பொய் சொன்னார்கள். தொடர்ந்து கேட்டபோதும் மாட்டிக்கொள்ளாமல் அந்தப் பொய்யைக் காப்பாற்றினார்கள். மூன்று வயதில்.

நம் வீட்டிலும் இதே கணக்குத்தான். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைப் போடக் கற்றுக்கொள்கிற பையன் கெட்ட பையன் இல்லை, கையைப் பார்த்து வளர்ந்த பையன். இதில் பெரிய ஆபத்து எங்கே என்றால், வெளியே யாராவது ஒருவர் தகாத இடத்தில் தொட்டாலும் அந்தப் பிள்ளை வீட்டில் சொல்லாது. ‘நீ ஏன் அங்க போனே’ என்று முதல் அடி தனக்குத்தான் விழும் என்று அதற்குத் தெரியும்.

அடிக்கிற நேரம்

வீட்டில் அடி எந்நேரமும் விழுவதில்லை. காலையில் பள்ளி வேன் வருவதற்கு முந்தைய அரை மணி நேரம், சாயங்காலம் வீட்டுப்பாடம், ராத்திரி சாப்பாடு. ஒரு வாரம் காலண்டரில் நேரத்தை மட்டும் குறித்து வாருங்கள், காரணம் எழுத வேண்டாம். அந்த மூன்று நேரமும் கண்ணில் படும். அவற்றில் பெரியவருக்குப் பசியும் களைப்பும், பிள்ளைக்குப் பசியும் தூக்கமும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். ராத்திரி பதினொன்றுக்குப் படுத்து காலை ஆறுக்கு எழ வேண்டிய பிள்ளை அடிக்காமலும் எழாது, அடித்தும் எழாது. மாற்ற வேண்டியது படுக்கும் நேரம். சாக்ஸ், ஷூ, டைரி, தண்ணீர் பாட்டில் எல்லாம் முந்தைய நாள் ராத்திரியே வாசலுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் வந்துவிட வேண்டும். காலைச் சண்டையில் பெரும்பகுதி ஒரு ஜோடி சாக்ஸைப் பற்றியதுதான்.

‘சோம்பேறி’ என்று முடிவு கட்டுவதற்கு முன் சிலவற்றைப் பரிசோதித்துவிடுங்கள். போர்டில் இருப்பதைத் தப்பாக எழுதிக்கொண்டு வரும் பிள்ளைக்குக் கண்ணாடி தேவைப்படலாம். சளியோடு காது அடைத்த பிள்ளை கூப்பிட்டால் திரும்பாது. வாயால் கடகடவென்று சொல்லி, எழுதும்போது மட்டும் எழுத்தைத் திருப்பிப் போட்டு முழிக்கும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். பாடத்தின் நடுவில் ஐந்து பத்து விநாடி ஒரே பார்வையாக உறைந்து, பிறகு எதுவும் நடக்காததுபோலத் தொடரும் பிள்ளைக்கு ‘எங்க பராக்கு பாக்குறே’ என்று அறை விழுகிறது. அது ஒரு வகை வலிப்பு. ஒரு நாளில் பத்து இருபது தடவைகூட வரும், மாத்திரையில் கட்டுப்படும். ரத்தசோகையும் பிள்ளையை மந்தமாக்கும். இவற்றையெல்லாம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காசில்லாமல் பார்த்துவிடலாம்.

சமையலறையிலிருந்து ‘டேய், டிவிய அணை’ என்று ஆறு தடவை கத்தி, ஏழாவது தடவை கரண்டியோடு வருவதுதான் வழக்கம். பிள்ளைக்கு அதில் ஒரு விதி புரிந்துவிடுகிறது, ஆறு வரை பயமில்லை. அதற்குப் பதிலாக ஐந்து நிமிடம் முன்னதாக ஒரு தடவை சொல்லிவிடுங்கள். நேரம் வந்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டுப் பிள்ளை பக்கத்தில் போய், அதன் உயரத்துக்குக் குனிந்து, பெயரைச் சொல்லி, கண் உங்களைப் பார்த்த பிறகு ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள்: ‘கண்ணு, டிவிய அணை.’ ‘அணைக்கிறியா?’ என்று கேள்வியாகக் கேட்காதீர்கள், ‘மாட்டேன்’ என்பதும் ஒரு பதிலாகிவிடும். பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இந்தப் பத்தில்தான் எல்லோரும் தோற்கிறார்கள். மூன்றாவது எண்ணிலேயே அடுத்த வார்த்தை வாயில் வந்துவிடும். அணைத்துவிட்டால் ‘சொன்ன உடனே அணைச்சிட்டியே’ என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். அணைக்கவில்லை என்றால் நீங்களே அணையுங்கள், நாளைக்கு அந்த அளவு நேரம் குறையும் என்று சொல்லிவிட்டு, நாளைக்கு மறக்காமல் குறையுங்கள். விளைவு தப்போடு ஒட்டியிருக்க வேண்டும். தண்ணீர் கொட்டினால் துணி எடுத்துத் துடைப்பது. தம்பியின் பொம்மையை உடைத்தால் உட்கார்ந்து ஒட்டிக் கொடுப்பது. பட்டினி போடுவதும், இருட்டறையில் அடைப்பதும், வெளியே நிற்க வைத்துக் கதவைச் சாத்துவதும் கை படாத அடிகள்தான்.

நிறையப் பேர் கைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அடியை நிறுத்திய முதல் சில வாரங்கள் பிள்ளையின் சேட்டை கூடும். இத்தனை நாள் இருந்த வேலி எங்கே போனது என்று அது தள்ளித் தள்ளிப் பார்க்கும். ‘பாத்தியா, அடிக்காம விட்டதும் தலைக்கு மேல ஏறிட்டான்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அந்த வாரங்களில்தான். திரும்பவும் ஒரு தடவை கையை ஓங்கிவிட்டால், எவ்வளவு தூரம் தள்ளினால் பழைய கை வரும் என்று பிள்ளைக்குக் கணக்குக் கிடைத்துவிடும். தாத்தா பாட்டியிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. ‘அப்பா வரட்டும்’ என்ற மிரட்டலையும் நிறுத்த வேண்டும். அதைச் சொல்கிற வீட்டில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளை உள்ளே ஓடிவிடும். அந்தத் தகப்பன் பிள்ளையைத் தேடிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்திருப்பார்.

கை மீறிவிட்டால், அது நடக்கும், அன்றைக்கே சரிசெய்ய வேண்டும். ஐஸ்கிரீம் வாங்கித் தருவதும், ஒன்றும் நடக்காததுபோல் மடியில் போட்டுக்கொள்வதும் பிள்ளையைக் குழப்பும். ‘நீ அப்படிப் பண்ணதாலதான் அம்மா அடிச்சேன்’ என்பது மன்னிப்பே இல்லை, குற்றத்தைத் திரும்பவும் பிள்ளை மேலேயே வைப்பது. இப்படிச் சொல்லலாம்: ‘அம்மாவுக்குக் கோவம் வந்துச்சு. கோவம் வந்தாலும் அடிச்சது அம்மா தப்பு. எங்க வலிக்குது, காட்டு.’ இந்த மூன்று வாக்கியமே போதும், விளக்கம் வேண்டாம். வீட்டுப்பாடப் பேச்சை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் அடித்தால்

‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்’ என்று சொல்லிச் சேர்த்துவிட்டு வந்த பெற்றோரும் உண்டு. அந்த அனுமதியைக் கொடுக்கும் அதிகாரம் சட்டப்படி அவர்களுக்கு இல்லை. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003லேயே திருத்தப்பட்டு, பள்ளியில் உடலுக்கும் மனதுக்கும் வலி தருவது தடை செய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவும் அதையே நாடு முழுக்கச் சொல்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவின்கீழ், பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் கொடுமை செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டம் இருந்தும் தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2009-10இல் 7 மாநிலங்களில் 6,632 பிள்ளைகளைக் கேட்டபோது, எந்தத் தண்டனையும் வாங்கியதில்லை என்று சொன்னவர்கள் 9 பேர்தான்.

பிள்ளை காயத்தோடு வந்தால் முதலில் கேட்க வேண்டியது ‘என்ன நடந்துச்சு?’ மட்டும். ‘நீ என்ன பண்ணே?’ என்று தொடங்கினால் வாய் மூடிவிடும். சொன்னதை அதே வார்த்தைகளில், தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். சித்தப்பா, மாமா என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக விசாரிக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் பிள்ளை அந்த அடியைத் திரும்ப வாங்குகிறது, சொல்வதும் மாறிப்போகும். காயத்தைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ வைத்துப் படம் எடுங்கள், ஒன்று கிட்டத்தில், ஒன்று முகமும் தெரிகிற மாதிரி. மறுநாளும் எடுங்கள், கன்றல் அன்றைவிட அடுத்த நாள்தான் நன்றாகத் தெரியும். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், யார், எதால், எங்கே அடித்தது என்று சொல்லி ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதியச் சொல்லுங்கள். அந்த ஏ.ஆர். காப்பி பின்னால் எல்லா இடத்திலும் கேட்கப்படும். ‘கீழே விழுந்துட்டான்’ என்று அங்கே ஒரு தடவை பதிந்துவிட்டால் அதைத் திருத்துவது பெரும்பாடு.

தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அங்கே நகரவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, அல்லது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. காயம் பெரிதென்றால் தலைமையாசிரியருக்காகக் காத்திருக்காமல் நேராக 1098க்குச் சொல்லுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் அதன் வழியாக வந்துவிடும். ‘டிசியை வாங்கிட்டுப் போங்க’ என்று மிரட்டுவார்கள். புகார் கொடுத்ததற்காகப் பிள்ளையை வெளியேற்ற முடியாது.

மாற்றம் தெரிய மாதங்கள் ஆகும். மதிப்பெண்ணில் அதைத் தேடாதீர்கள், அங்கே கடைசியாகத்தான் வரும். ஒரு நாள் பின்கட்டில் ஏதோ விழுந்து நொறுங்கும் சத்தம் கேட்கும். முன்பென்றால் அதற்குப் பிறகு ஒரு அமைதி, பிறகு ‘நான் இல்ல, பூனை’ என்று வரும். இப்போது பிள்ளையே வந்து நின்று, ‘அம்மா, கண்ணாடி டம்ளர் உடைஞ்சிருச்சு, நான்தான்’ என்று சொல்லும். சொல்லும்போது கண் உங்கள் முகத்தில் இருக்கும், கையில் இருக்காது. அப்போது வேறு எதுவும் கேட்காதீர்கள். ‘கால்ல செருப்பு போட்டுக்கோ, அங்கயே நில்லு’ என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தையும் பழைய பேப்பரையும் எடுத்துக்கொண்டு போங்கள். பெரிய துண்டுகளை நீங்கள் எடுங்கள், பேப்பரை அது பிடிக்கட்டும்.